கொல்லிமலை ஆகாய கங்கை: திருச்சி வழியாகப் போகும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு

டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் திருச்சிக்கு டிக்கெட் போட்டிருந்தால் ஒரு நாளைக் கொல்லிமலைக்கு ஒதுக்குங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்கிற நேரம், ஆகாய கங்கை அருவியில் தண்ணீர் நன்றாக விழும். ஏப்ரல், மே மாதங்களில் போனால் பெரும்பாலும் பாறையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். சாங்கி ஜூவலின் 40 மீட்டர் அருவியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, காட்டுக்குள் அய்யாறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து கொட்டுவதைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வருகிறவர்கள் வண்டி கிளம்புமுன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், அத்தை எவ்வளவு வற்புறுத்தினாலும் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுங்கள். ஓட்டுநர் மலையில் ஓட்டிப் பழகியவர்தானா என்று முதல் நாளே கேளுங்கள். விடியற்காலையில் புறப்படுவதே நல்லது.

அறப்பளீசுவரர் கோயில் பக்கத்திலிருந்து படிகள் இறங்குகின்றன, 1000-க்கும் மேல். பலர் கணக்குத் தப்புவது இங்கேதான். புக்கிட் தீமாவில் முதலிலேயே ஏற்றம், மூச்சு வாங்கினால் திரும்பிவிடலாம். இங்கே முதலில் இறக்கம், களைப்பே தெரியாது, குளித்துக் கால் தளர்ந்த பிறகுதான் மொத்த ஏற்றமும் வரும், அந்தப் படிகளில் வண்டி எதுவும் கிடையாது. அதனால் முட்டிவலியோ இதய நோயோ உள்ள அப்பா அம்மாவை "மெதுவாப் போகலாம், வாங்க" என்று அழைத்துப் போகாதீர்கள். அவர்கள் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு நிழலில் உட்காரட்டும், துணைக்கு ஒருவரும் இருக்கட்டும். உங்களுக்கே பாதி வழியில் கால் நடுங்கினால் அங்கிருந்தே திரும்புங்கள். புறப்படுமுன் சில வாரம் லிஃப்டை விட்டுவிட்டுப் புளோக் படிக்கட்டில் ஏறிப் பழகுவது நிஜமாகவே உதவும்.

பிடிமானமுள்ள செருப்பு, மாற்றுத்துணி, தண்ணீர், சில்லறை நோட்டுகள் போதும். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் குரங்கு பறித்துவிடும். அருவியில் நீச்சலுடை வேண்டாம், பெண்கள் சுடிதாரோடுதான் குளிப்பார்கள். பாறை வழுக்கும், படம் எடுக்க மேலே ஏறாதீர்கள். அப்புறம், கொண்டுபோன பாட்டிலைத் திருப்பி எடுத்து வாருங்கள், அந்தத் தண்ணீரை நம்பிக் கீழே ஊர்கள் இருக்கின்றன.

மழை அதிகமென்று வனத்துறையினர் வழியை மூடியிருந்தால் "சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறோம்" என்று மன்றாட வேண்டாம். மேலே பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது, வெள்ளம் சட்டென்று இறங்கிவிடும். அன்றைக்குக் கோயிலைப் பார்த்துவிட்டு, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டி, மலைவாழையும் மிளகும் வாங்கிக்கொண்டு இருட்டுமுன் இறங்கிவிடுங்கள்.