பிள்ளைகளோடு வீட்டில் தவக்காலம்: முதன்முறையாகத் தொடங்கும் பெற்றோருக்கு

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் வந்ததும் பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகளின் காதில் விழுவது, "அதைத் தின்னாதே, இதைப் பார்க்காதே" என்பதுதான். தான் விட்டுக்கொடுத்தது யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு நோன்பு ஒரு தண்டனையாகவே தெரியும். தவக்காலத்தின் முதல் நாளான திருநீற்றுப் புதனன்று வாசிக்கப்படும் மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரப் பகுதியில் தர்மம், செபம், நோன்பு ஆகிய மூன்றையும் இயேசு அடுத்தடுத்துச் சொல்கிறார். அந்த மூன்றையும் ஒன்றோடொன்று கோத்து, 5 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளோடு வீட்டில் எப்படி அனுசரிப்பது என்பதைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். நான் கத்தோலிக்கத் திருச்சபையின் லத்தீன் வழிபாட்டு முறையை ஒட்டி எழுதுகிறேன். இதையே லெந்து நாட்கள் என்று வழங்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களும் இதைத் தங்கள் சபை ஒழுங்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: நாட்களைக் குறித்தல்

2027-ஆம் ஆண்டில் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28. சாம்பல் பூசும் நாள் தொடங்கிப் பெரிய சனி வரை எண்ணினால் 46 நாட்கள் வரும். அவற்றில் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு ஆண்டவரின் உயிர்ப்பைக் கொண்டாடும் நாள் என்பதால் அது நோன்புக் கணக்கில் சேராது. ஒரு பெரிய அட்டையில் 46 கட்டங்களைப் பிள்ளையையே வரையச் சொல்லி, ஞாயிற்றுக் கட்டங்களுக்கு மட்டும் மஞ்சள் தீட்டச் செய்யுங்கள். இந்தக் கணக்கு பிள்ளைக்குத் தானாகவே விளங்கிவிடும்.

இரண்டாம் படி: பழைய குருத்தோலையும் செபமேசையும்

சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு) கொண்டுவந்த ஓலைச் சிலுவை, திருக்குடும்பப் படத்தின் பின்னால் காய்ந்துபோய் இருக்கும். அதை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, திருநீற்றுப் புதனுக்கு முந்தைய ஞாயிறன்று கோவிலில் ஒப்படைக்கச் செய்யுங்கள். தன் நெற்றியில் பூசப்படும் சாம்பல் இந்த ஓலையை எரித்து எடுத்தது என்பதைப் பிள்ளை அப்போது தானே அறிந்துகொள்ளும். வீட்டுச் செபமேசையில் ஊதா நிறத் துணி, ஒரு பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம்), விவிலியம், ஒரு மெழுகுதிரி ஆகியவை போதும்.

மூன்றாம் படி: வெள்ளிக்கிழமைக் கஞ்சியும் கண்ணாடிப் பரணியும்

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது இந்தப் படியைத்தான். திருச்சபைச் சட்டப்படி இறைச்சி தவிர்த்தல் 14 வயது நிறைந்தவர்களையும், ஒருசந்தி (நாளில் ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு) 18 வயது நிறைந்தவர்களையும் மட்டுமே கட்டுப்படுத்தும். ஆகவே தேர்வுக் காலமான மார்ச் மாதத்தில் சிறு பிள்ளைகளைப் பட்டினி போட வேண்டிய தேவை எள்ளளவும் இல்லை. பிள்ளை வயிறார உண்ணட்டும். உணவு எளியதாக இருக்கட்டும்.

இறைச்சியை விட்டுவிட்டு மீன் உண்பது சட்டப்படி சரியானதே. ஆனால் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் மீன் அன்றாட உணவு. சாளைக் குழம்பை ஊற்றிச் சோறு உண்டுவிட்டு அதை நோன்பு என்று சொன்னால் பிள்ளை அதை நம்பாது. எனவே வெள்ளி இரவில் மீனும் இல்லாமல் கஞ்சியும் பயறும் வைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். நான்கு பேருக்கு ஒன்றரைக் கப் புழுங்கலரிசியைக் குழைய வேகவிட்டு, ஒரு கப் சிறுபயற்றை இலேசாக வறுத்துத் தனியே அவித்து, உப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் போதும். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையலும், சுட்ட பப்படமும் இருக்கலாம். அரிசி களைவதையும் பப்படம் சுடுவதையும் பிள்ளைகளிடமே விடுங்கள். அடுப்பருகே மட்டும் நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.

உணவு முடிந்ததும், "மக்களே, இன்னைக்குக் கறி வாங்கியிருந்தா எவ்வளவு ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளை தாளில் கூட்டிக் கழித்து மிச்சத் தொகையைச் சொல்லும். அந்தப் பணத்தை அதன் கையாலேயே ஒரு கண்ணாடிப் பரணியில் (ஜாடியில்) போடச் செய்யுங்கள். மண் உண்டியலைவிடக் கண்ணாடிப் பரணி நல்லது. வாரந்தோறும் பணம் ஏறுவது வெளியே தெரியும். அந்தப் பணம் யாருக்கு என்பதைத் தவக்காலத்தின் முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். உங்கள் அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழுவில்) நோயுற்றுக் கிடக்கும் ஒருவராகவோ, தனித்து வாழும் ஒரு பாட்டியாகவோ அவர் இருக்கலாம். 'ஏழைகளுக்கு' என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளையின் மனத்தில் எந்த முகமும் பதியாது. அதே வேளையில், உதவி பெறுபவரின் பெயர் பள்ளியிலோ தெருவிலோ பேசப்படக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள்; வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பதும் அதே 6-ஆம் அதிகாரத்தில்தான் உள்ளது.

நான்காம் படி: வெள்ளிக்கு இரண்டு நிலைகள்

சிலுவைப்பாதை என்பது இயேசுவின் பாடுகளைப் பதினான்கு நிலைகளாகத் தியானிக்கும் செபம். அந்தப் பதினான்கையும் ஒரே மூச்சில் முடித்தால் சிறு பிள்ளைகள் ஏழாம் நிலைக்குள் சோர்ந்துவிடுவார்கள். தவக்காலத்தில் பெரிய வெள்ளியையும் சேர்த்து 7 வெள்ளிக்கிழமைகள் உள்ளன. வாரத்திற்கு இரண்டு நிலைகள் என்று வைத்தால் 14 நிலைகளும் சரியாகப் பெரிய வெள்ளியன்று, ஆண்டவரைக் கல்லறையில் அடக்கம் செய்யும் நிலையோடு நிறைவுறும். ஒவ்வொரு நிலையையும் பிள்ளைகள் ஓர் அட்டையில் வரைந்து சுவரில் ஒட்டட்டும். ஒரு சிறு வாசகம், ஒரு மன்றாட்டு, "எங்கள் மீது தயவாயிரும்" என்ற வேண்டல், அவ்வளவே.

மூன்றாம் வெள்ளிக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். அன்று ஐந்தாம், ஆறாம் நிலைகள் வரும். சிலுவையைச் சுமந்த சீரேன் ஊர்ச் சீமோனும், முகம் துடைத்த வெரோனிக்காவும் ஒரே மாலையில் சேர்ந்து வருவார்கள். சீமோன் வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவர், தானாக முன்வராமல் வற்புறுத்தப்பட்டவர் என்று மாற்கு எழுதுகிறார். வெரோனிக்கா நற்செய்திகளில் இல்லை. மரபில் வருபவர், யாரும் கேட்காமலே ஓடி வந்தவர். அம்மா சொன்னதால் உதவுவதும் உதவிதான், சொல்லாமலே உதவுவதும் உதவிதான் என்பதை இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பேசினால், ஆறு வயதுப் பிள்ளையும் தன் வீட்டிலிருந்தே எடுத்துக்காட்டுச் சொல்லும். பரணியில் பணம் போட முகம் சுளித்த பிள்ளை சீமோனிடம் தன்னைக் கண்டுகொள்ளும். அந்தப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

ஐந்தாம் படி: ஒரு சனிக்கிழமைப் பயணம்

நம் மாவட்டத்தில் பிறந்த புனித தேவசகாயம் நட்டாலத்தைச் சேர்ந்தவர். அரண்மனைப் பணியில் இருந்தவர். 1745-இல் திருமுழுக்குப் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் உயிர் துறந்தவர். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். காற்றாடிமலைக்கோ, அவருடைய கல்லறை உள்ள கோட்டாறு சவேரியார் பேராலயத்திற்கோ பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். பதவியையும் மதிப்பையும் விட்டுக்கொடுத்து, எல்லாச் சாதியினரோடும் சமமாகப் பழகிய ஒருவர் இந்த மண்ணிலேயே நடந்தார் என்பதை அங்கே வைத்துச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பெரிய வாரம்

குருத்து ஞாயிறு பவனிக்குப் பின், ஓலையில் சிலுவை முடையக் கற்றுக்கொடுங்கள். புதன் மாலைக்குள் பரணியைத் திறந்து பணத்தை எண்ணுங்கள். முடிந்தால் பணமாகக் கொடுக்காமல் அரிசி, பயறு, எண்ணெய், மருந்து என்று வாங்கி, பிள்ளைகளே சுமந்துபோய்க் கொடுக்கட்டும். அங்கே பத்து நிமிடமாவது உட்கார்ந்து பேசிவிட்டு வரவேண்டும். வியாழனன்று வீட்டிலும் ஒருவர் கால்களை ஒருவர் கழுவலாம்; பெற்றோர் பிள்ளைகளின் கால்களைக் கழுவித் தொடங்குவது நல்லது. பெரிய வெள்ளியன்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கடைசி இரண்டு அட்டைகளையும் ஒட்டி முடியுங்கள்.

சனிக்கிழமை பிற்பகலில் பிள்ளைகளைக் கட்டாயம் தூங்க வையுங்கள். அப்போதுதான் இரவுத் திருவிழிப்பில் புதுத் தீயையும் பாஸ்காத் திரியையும் விழித்திருந்து காண்பார்கள். உயிர்ப்பு ஞாயிறன்று ஊதாத் துணியை மாற்றி வெள்ளைத் துணியை விரியுங்கள். செபமேசையை மட்டும் எடுத்துவிட வேண்டாம். பெந்தகோஸ்து வரையுள்ள பாஸ்காக் காலத்தின் 50 நாட்களும் அதன் முன்னேதான் குடும்ப செபம் தொடர வேண்டும்.