சம்பளமும் கிரெடிட்டும்: அமெரிக்காவில் படிக்க வந்திருக்கும் கொங்கு மாணவர்களுக்கு

கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் முதுகலை படிக்க அமெரிக்கா வந்திறங்கும் பிள்ளைகள் முதல் மாதத்தில் வீடு, செல்போன் இணைப்பு, வங்கிக் கணக்கு என்று கேட்கிறார்கள். இரண்டாவது மாதத்தில் எல்லாரும் ஒரே கேள்விக்கு வந்துவிடுகிறார்கள்: கோடை விடுமுறையில் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் போக முடியுமா, அதற்குக் கல்லூரியில் கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் பாடப் புள்ளி) கிடைக்குமா? இரண்டும் முடியும். ஆனால் அதில் எந்தக் காரியம் முன்னால், எது பின்னால் என்ற வரிசை நம்மூர் வழக்கத்துக்கு நேர்மாறானது. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த வரிசையைப் பற்றியதே.

நம் பக்கத்தில் வேலை எப்படிக் கிடைக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கோ திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கோ மாமன் ஒருவர் சொல்லிவிட்டுப் போய் நின்றால், முதலாளி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "நாளைக்கே வந்துருங்க தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அடுத்த சனிக்கிழமை சம்பளமும் கைக்கு வந்துவிடும். அந்த 'அப்புறம்' நம் ஊரின் தொழில் வேகத்துக்கே ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கோ அதே சொல்தான் படிப்பையே கெடுத்துவிடக்கூடியது.

படிப்பையும் சம்பள வேலையையும் ஒன்றாகப் பின்னுவது நமக்குப் புதிதல்ல. பீளமேட்டில் 1951-இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு 'சாண்ட்விச்' பொறியியல் படிப்பைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். வகுப்பறையையும் தொழிற்கூடத்தையும் அடுக்கடுக்காக வைத்ததால்தான் அதற்கு அந்தப் பெயர். அமெரிக்காவில் இதே எண்ணத்தை 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் தொடங்கினார். ஒரு குழு வகுப்பில் இருக்கும்போது மற்றொரு குழு தொழிற்சாலையில் இருக்கும். பிறகு இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். இன்று 'கோ-ஆப்' என்று நீங்கள் கேள்விப்படுவது அதன் வழிவந்ததுதான். இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் ஒரு கோடைகாலத்தோடு முடிந்துவிடும். கோ-ஆப் ஒரு முழுக் கல்விப் பருவமோ அதற்கு மேலோ நீளும்.

இந்தியாவிலிருந்து வந்த மாணவருக்கு இதில் சிபிடி (படிப்பின் பகுதியாகச் செய்யும் வேலைக்கான அனுமதி) என்ற ஒரு முடிச்சு இருக்கிறது. வளாகத்துக்கு வெளியே, படிப்பு முடிவதற்கு முன்பே, படித்த துறை சார்ந்த வேலையில் சேர்வதற்கு இதுவே வழக்கமான வழி. நூலகத்திலும் உணவுக்கூடத்திலும் செய்யும் வளாக வேலை வேறு கணக்கு. அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வளாகத்துக்கு வெளியே செய்யும் வேலை உங்கள் பாடத்திட்டத்தின் பிரிக்க முடியாத ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்பதுதான் சிபிடி விதியின் சாரம். பாடத்திட்டத்தின் பகுதி என்பதைக் காட்டப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும் சான்று, அந்த வேலைக்காக நீங்கள் பதிவு செய்திருக்கும் கிரெடிட். ஆகவே கிரெடிட்டைச் சம்பளத்தோடு சேர்ந்து வரும் உபரிப் பலனாக நினைக்காதீர்கள். அது இருந்தால்தான் அந்தச் சம்பளத்தைச் சட்டப்படி வாங்க முடியும்.

இனி அந்த வரிசை. முதலில் நிறுவனத்திடமிருந்து வேலைக் கடிதம் வாங்க வேண்டும். அதில் பணியின் விவரம், இடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகிய எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தோடு துறை ஆலோசகரைப் பார்த்து, இந்த வேலை உங்கள் படிப்போடு எப்படிப் பொருந்துகிறது என்று ஒப்புதல் பெற்று, இன்டர்ன்ஷிப்புக்கென்று இருக்கும் பாடத்தில் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டிஎஸ்ஓ என்ற அதிகாரியிடம் விண்ணப்பம் போகும். அவர் அனுமதித்தால், இரண்டாம் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரும் தேதிகளும் அச்சான புதிய ஐ-20 (நீங்கள் அங்கே படிக்கும் எஃப்-1 மாணவர் என்பதற்குப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) உங்களுக்கு வரும். அந்தத் தாள் கையில் இருந்து, அதில் போட்டிருக்கும் தொடக்க நாளும் வந்த பிறகே வேலைக்குள் காலை வைக்கலாம்.

ஒருநாள் முன்னால் போனால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். என்னோடு படித்த காங்கேயத்துக்காரர் ஒருவரை, ஐ-20-இல் இருந்த தேதிக்கு மூன்று நாள் முன்பே மேலாளர் அழைத்தார். சும்மா அறிமுகக் கூட்டம்தான் என்றார். இவரும் மரியாதைக்கு மறுக்கத் தெரியாமல் போய்விட்டார். அந்த மூன்று நாளும் சம்பளச் சீட்டில் ஏறிவிட்டன. அனுமதியில்லாத வேலை என்ற பேச்சு எழுந்து, அடுத்த பருவம் முழுவதும் அவர் வழக்கறிஞருக்கும் அலுவலகத்துக்குமாக அலைந்தார். "என்னுடைய அனுமதி திங்கட்கிழமைதான் தொடங்குகிறது, அன்றைக்கே வருகிறேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த மேலாளர் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். நாம் 'சரிங்க' என்று பழகியவர்கள். இங்கே அந்த 'சரிங்க'வுக்கு முன்னால் ஒருமுறை ஐ-20-ஐப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

விதிகளில் நினைவில் கொள்ள வேண்டியவை சில உண்டு. பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடித்த பின்பே சிபிடி கிடைக்கும். தொடக்கத்திலேயே களப்பணியைக் கட்டாயமாக்கியிருக்கும் முதுகலைப் படிப்புகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. ஆகஸ்டில் சேர்ந்தவர்களுக்கு முதல் கோடையே கைகூடும். ஜனவரியில் சேர்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் கூடாது, அவர்கள் அதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதிநேரம், அதற்கு மேல் முழுநேரம். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டுவிட்டால், படிப்பு முடிந்ததும் அதே நிலைப் பட்டத்துக்குக் கிடைக்கும் 12 மாத ஓபிடி (படித்த துறையில் வேலை செய்வதற்கான அனுமதி) கைவிட்டுப் போகும். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு அதன்மேல் நீட்டித்துத் தரும் 24 மாதத்துக்கும் அங்கேயே வழி அடைபட்டுவிடும். அனுமதி ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே. வேறு நிறுவனத்துக்கு மாறினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்தானே என்று நீங்களாகவே முடிவு செய்து அனுமதி கேட்காமல் இருந்துவிடவும் கூடாது.

முதல் நாளிலிருந்தே வேலைக்குப் போகலாம் என்று ஆசைகாட்டி மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகளும் இருக்கின்றன. எல்லாமே போலி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பு பெயருக்கும் வேலை முழுநேரத்துக்குமாக இருக்கும் இடத்தில் சேர்ந்துவிட்டு, பின்னால் எச்-1பி வேலை விசா விண்ணப்பத்தின்போது அதற்கு விளக்கம் எழுத வேண்டியவர் அந்தக் கல்லூரிக்காரர் அல்லர், நீங்கள்தான்.

பணக் கணக்குக்கு வருவோம். நம் வீடுகளில் இதைச் சொல்லாமல் விட முடியாது. கிரெடிட் சும்மா வருவதில்லை, கட்டணம் கட்டித்தான் பதிவு செய்ய வேண்டும். ஒரு கிரெடிட்டுக்கு 1,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், மூன்று கிரெடிட் பாடத்துக்கு 3,000. மணிக்கு 25 டாலர், வாரம் 40 மணி நேரம், 12 வாரம் என்றால் சம்பளம் 12,000. கால் பங்கு சம்பளம் கட்டணத்துக்கே போய்விடுகிறது. ஒரே ஒரு கிரெடிட்டுக்குப் பதிவு செய்தால் போதும் என்று பல துறைகள் அனுமதிக்கும். அந்த மூன்று கிரெடிட்டும் உங்கள் பட்டத்துக்கான மொத்தக் கணக்கில் சேருமா, சேராதா என்பதைப் பொறுத்தே எது லாபம் என்பது தெரியும். சேருமென்றால் மூன்றும் வாங்குங்கள், பின்னால் ஒரு பாடம் குறையும். சேராதென்றால் ஒன்றோடு நிறுத்துங்கள். இதைத் துறை ஆலோசகரிடம் வாய்மொழியாகக் கேட்காமல் மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள்.

சமூகப் பாதுகாப்பு எண் இன்னும் வாங்கவில்லையென்றால், பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு), புதிய ஐ-20, வேலைக் கடிதம் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும், ஆனால் வேலை தொடங்கும் நாளுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக விண்ணப்பிக்க முடியாது; அட்டைக்குக் கட்டணம் இல்லை. முதல் சம்பளச் சீட்டு வந்ததும் பிடித்தங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எஃப்-1 மாணவர்களுக்கு முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் பொதுவாகச் சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான வரியும் கிடையாது. இவை இரண்டும் சேர்ந்து 7.65 சதவீதம், மேலே சொன்ன 12,000-க்கு 918 டாலர். சம்பளப் பிரிவினருக்கு இந்த விலக்கு தெரியாமல் பிடித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. உடனே எழுதிக் கேட்டால் திருப்பித் தருவார்கள். வருமான வரி உண்டு. ஆனால் இந்திய மாணவர்கள் இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவின்படி நிலையான கழிவைக் (வரி கணக்கிடும் முன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் நிர்ணயித்த தொகையைக்) கோரலாம். மற்ற பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு இது இல்லை. வருமானமே இல்லாத ஆண்டிலும் வரித் துறைக்குப் படிவம் 8843-ஐ அனுப்பத்தான் வேண்டும்.

கிரெடிட்டுக்காகச் செய்ய வேண்டிய எழுத்து வேலையைப் பலரும் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். நம்மூர் இன்பிளாண்ட் டிரெய்னிங்கின் நினைப்புதான் காரணம்: ஒரு நூற்பாலையை அரைநாள் சுற்றிப் பார்த்துவிட்டு, டீயும் வடையும் சாப்பிட்டு, பத்து நாள் பயிற்சி பெற்றதாகச் சான்றிதழ் வாங்கிவந்த அனுபவம் எனக்கும் உண்டு. இங்கே தொடக்கத்திலேயே கற்றல் நோக்கங்கள் என்று மூன்று நான்கு வரிகள் எழுதி, நீங்களும் மேலாளரும் பேராசிரியரும் கையெழுத்திட வேண்டும். 'நிறுவனத்தின் செயல்பாடுகளை அறிந்துகொள்ளுதல்' என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். 'பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லரில் ஏற்படும் தேய்மானத்தை அளந்து, அதன் காரணத்தைக் கணினி மாதிரியில் சோதித்தல்' என்பதுபோல, செய்து முடித்ததை யாரும் சரிபார்க்கும்படி எழுதுங்கள். பருவ நடுவில் மேலாளரின் மதிப்பீடு, முடிவில் உங்கள் அறிக்கை. பல துறைகளில் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே மதிப்பெண் வரும். அறிக்கைக்கு வேண்டியதை வாரந்தோறும் வெள்ளிக்கிழமை பத்து வரி எழுதி வைத்துக்கொண்டால் ஆகஸ்டில் தூக்கம் கெடாது. நிறுவனத்தின் ரகசிய விவரங்கள் அறிக்கைக்குள் வராமல் மேலாளரிடம் ஒருமுறை காட்டிவிடவும் மறக்க வேண்டாம்.

வேலை தேடுவதை எப்போது தொடங்குவது? பெரிய நிறுவனங்கள் அடுத்த கோடைக்கான ஆட்களை முந்தைய இலையுதிர் காலத்திலேயே எடுக்கின்றன. செப்டம்பரில் நடக்கும் வேலைவாய்ப்புச் சந்தையை, இப்போதுதானே வந்தோம் என்று தவறவிடாதீர்கள். அங்கே உங்களிடம் சொல்ல அனுபவம் இல்லை என்று நினைக்கவும் வேண்டாம். அப்பாவின் பவர்லூம் கூடத்தில் நூல் இருப்புக் கணக்கு எழுதியதும், சித்தப்பாவின் கம்பெனியில் ஆர்டர் வந்த நாளிலிருந்து தூத்துக்குடிக்குச் சரக்கு ஏற்றும் நாள்வரை ஓடியதும் விநியோகச் சங்கிலி படிப்பவருக்கு நேரடி அனுபவமே. அதைத் தன்விவரக் குறிப்பில் எத்தனை தறி, எத்தனை பேர், எத்தனை நாள் என்று எண்ணோடு எழுதுங்கள்.

வேலை முடிந்த பின்பு, சிபிடிக்காக வந்த ஐ-20, வேலைக் கடிதம், முதல் சம்பளச் சீட்டு, கடைசிச் சம்பளச் சீட்டு, கிரெடிட் ஏறிய மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். பழைய ஐ-20 எதையும் கிழித்துப் போட வேண்டாம். ஓபிடிக்கு விண்ணப்பிக்கும்போது கேட்கப்படுபவற்றில் அதுவும் ஒன்று.