பிடிஎஃப் படிவம் பிழை காட்டினால்

படிவத்தைத் திறந்ததும் ‘ப்ளீஸ் வெயிட்’ என்ற ஒரு பக்கம் மட்டும் நின்றால், காத்திருந்து பயனில்லை. அது பெரும்பாலும் எக்ஸ்எஃப்ஏ (XFA) எனும் தனி வகைப் பிடிஎஃப் படிவம். பல பிரவுசர்களாலும் மொபைல் செயலிகளாலும் அதைக் காட்ட முடியாது. அந்தப் பக்கம், படிவம் திறக்காதபோது தெரிவதற்கென்றே வைக்கப்பட்டது. கோப்பைக் கணினியில் சேமித்து, அடோபி ரீடரைத் தனியாகத் திறந்து, ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்துத் திறங்கள். டபுள் கிளிக் செய்தால் மறுபடி பிரவுசரிலேயே திறக்கக்கூடும்.

‘மதிப்பு ஃபார்மேட்டுக்குப் பொருந்தவில்லை’ என்று வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். மாதம் முன்னே வர வேண்டிய கட்டத்தில் 25/03/2024 ஏற்காது, 03/25/2024 ஏற்கும். எண் கட்டங்களில், வேறிடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது சேர்ந்துவரும் இடைவெளிதான் அடிக்கடி சிக்கல் தரும், கண்ணுக்கும் தெரியாது. முழுவதும் அழித்துக் கையால் தட்டுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்திட்டபின் கட்டங்கள் பூட்டிக்கொண்டால் அது பழுதல்ல, பாதுகாப்பு. உங்கள் கையெழுத்தானால் அதன்மேல் ரைட் கிளிக் செய்து ‘கிளியர் சிக்னேச்சர்’ கொடுத்துத் திருத்தலாம். அதனால் கையெழுத்தைக் கடைசியில் இடுங்கள். ‘பிரின்ட் டு பிடிஎஃப்’ வழியாகச் சேமிக்காதீர்கள். நிரப்பும் கட்டங்களே போய்விடும்.