ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் குழந்தையின் உணவைக் காப்பது எப்படி

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் முதல் 6 மாதத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு அவ்வளவாக வராது. கஞ்சியும் மசித்த உணவும் தொடங்கியபின், ஏறத்தாழ 2 வயதுவரை, அது திரும்பத் திரும்ப வரும். பழி பெரும்பாலும் தண்ணீர்மேல் விழுகிறது. தண்ணீரும் காரணம்தான். ஆனால் காலையில் காய்ச்சி மதியம்வரை வைத்திருந்த கஞ்சியில், குடிதண்ணீரில் உள்ளதைவிடக் கிருமி அதிகம் இருக்கலாம். வெதுவெதுப்பான ஈர உணவில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் ஒன்று 4 மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும்.

அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் பசி போகும், தின்றதும் உடலில் ஒட்டாது. வயிற்றுப்போக்கே இல்லாமல்கூட, அன்றாடம் உள்ளே போகும் கிருமிகளால் குடலின் உட்சுவர் அழற்சி கண்டு, சத்தை உறிஞ்சும் திறன் குறையும். எடையும் உயரமும் பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு வேளைக்கு மட்டும் சமையுங்கள்

6 முதல் 8 மாதக் குழந்தை 2, 3 மேசைக்கரண்டியில் தொடங்கி, போகப்போக 250 மி.லி. கப்பில் பாதிவரை சாப்பிடும். அவ்வளவு காய்ச்சினால் போதும். வேளைக்கு வேளை அடுப்பு மூட்ட விறகோ நேரமோ இல்லை என்பதுதான் உண்மையான சிக்கல். அதற்கு உலர்மாவு நல்ல வழி. தானியத்தையும் பருப்பையும் கழுவி, நன்றாகக் காயவைத்து, வறுத்து அரைத்து, ஈரமில்லாத டப்பாவில் இறுக மூடி வையுங்கள். ஈரம் இல்லாத மாவில் கிருமி பெருகாது. வேண்டும்போது கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, கொதி வந்தபின் 5 நிமிடம் கிளறினால் கஞ்சி தயார். பூஞ்சை பிடித்த தானியத்தையும் நிலக்கடலையையும் சேர்க்கவே கூடாது. அவற்றில் இருக்கக்கூடிய அஃப்ளடாக்சின் நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது.

இன்னொரு வழி, வீட்டாருக்காகக் கொதிக்கும் பானையிலிருந்தே, உப்பும் காரமும் போடுமுன், குழந்தையின் பங்கை எடுத்து மசிப்பது.

சமைத்ததை 2 மணி நேரத்துக்குமேல் வெளியில் வைக்காதீர்கள். அதற்குள் மீண்டும் கொடுப்பதானாலும் முழுதும் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டச் சூடாக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால், நடுவிலும் குமிழி வந்து ஆவி பறக்கவேண்டும். கெட்டிக் கஞ்சி அடியில் பிடிக்கும், மேலே ஆறியே கிடக்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டு இளக்கிக் கிளறுங்கள். சுடவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. கையிலிருந்து வரும் ஸ்டஃபிலோகாக்கஸ், சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் போன்ற பாக்டீரியாக்கள் விடும் சில நஞ்சுகள் கொதித்தாலும் அழியாது. வாசனையிலும் ருசியிலும் அது தெரியாது. குழந்தையின் கிண்ணத்தில் மிஞ்சியதில் எச்சில் கலந்திருக்கும். அதை எடுத்து வைக்க வேண்டாம்.

கை, துணி, பாத்திரம்

சமைக்குமுன், ஊட்டுமுன், கழிப்பறை போய் வந்தபின், குழந்தையின் மலத்தைச் சுத்தம் செய்தபின் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். பச்சைக் குழந்தையின் மலம் தீங்கற்றது என்பது தவறு, அதிலும் நோய்க்கிருமி உண்டு. குழந்தையின் கையையும் கழுவுங்கள், அது தரையைத் தடவிவிட்டு வாயில்தான் போகும். கழுவிய கையை முந்தானையிலோ அழுக்குத் துணியிலோ துடைத்தால் கழுவியது வீண், உதறிக் காயவிடுங்கள்.

குழாய் இல்லாத இடத்தில் 5 லிட்டர் கேனின் மேற்பகுதியில் சூடான ஆணியால் துளையிட்டு, கைப்பிடிக்குள் கழி கோத்து இரண்டு கம்புகளுக்கு நடுவே தொங்கவிடுங்கள். கழுத்தில் கயிறு கட்டி மறுமுனையைத் தரையில் ஒரு கட்டையோடு இணையுங்கள். மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் வரும். அழுக்குக் கை கேனில் படாது. சோப்பையும் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடலாம்.

ஒரே கத்தி இருந்தால் காய்கறியை முதலில் நறுக்குங்கள், இறைச்சியைக் கடைசியில். பால்புட்டியை விட்டுவிடுங்கள்: நிப்பிளின் உட்புறத்தைக் கழுவிச் சுத்தமாக்குவது கடினம். கிண்ணமும் கரண்டியும் போதும். கழுவித் தரைக்குமேல் உயரமான இடத்தில் வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.

தண்ணீரைத் தெளியவிட்டு வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். காய்ச்சிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றிக் கையோடு டம்ளரை முக்கினால் மீண்டும் கெட்டுவிடும். குறுகிய வாயுள்ள, மூடியிட்ட பாத்திரத்திலிருந்து சாய்த்து ஊற்றுங்கள்.

அப்படியும் வயிற்றுப்போக்கு வந்தால்

ஓஆர்எஸ் (உடல் இழந்த நீரை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலம் கிடைக்காவிட்டால், 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரையுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மி.லி., கரண்டி கரண்டியாக. 24 மணி நேரத்துக்குப்பின் மீதியைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம். 6 மாதம் தாண்டிய குழந்தைக்குத் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை நாளுக்கு 20 மி.கி., 10 முதல் 14 நாள். போக்கு நின்றாலும் முழுதும் கொடுக்க வேண்டும். மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், குடிக்க முடியாமை, துவண்டு கிடத்தல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழியிலும் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.