ஐடிலில் தடுமாறிய பிளாட்ஹெட்

என் ஹாட் ராடில் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) இருப்பது ஃபோர்டு 1932-இல் கொண்டுவந்த பிளாட்ஹெட் வி8 வகை எஞ்சின். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது, ஒரே தடுமாற்றம். கார்புரேட்டரை எஞ்சினோடு பொருத்த அதன் அடியில் உள்ள அடாப்டர் பிளேட்டின் ஓரமாகக் கார்ப் கிளீனர் அடித்ததும் எஞ்சின் சுற்றும் வேகம் மாறியது (எஞ்சின் சூடேறுமுன் செய்யுங்கள், சூடான எஞ்சினில் கிளீனர் தீப்பிடிக்கலாம்). இடுக்கு வழியே கிளீனர் உள்ளே போயிருக்கிறது; காற்றுக் கசிவுதான், பிளேட் வளைந்திருந்தது. தடித்த கேஸ்கெட் போட்டு ஒப்பேற்றுவது எனக்குப் பிடிக்காது.

6061 என்ற அலுமினியக் கலவையில் புதிய பிளேட்டை மில்லிங் இயந்திரத்தில் வெட்டிச் செய்தேன். வைஸில் (பிடிப்புக் கருவி) இறுக்கினால் பிளேட் வளையும். அப்படியே சமமாகச் சீவிக் கழற்றினால் மறுபடி கோணிக்கொள்ளும். அதனால் இரு பக்கமும் 0.5 மி.மீ. மிச்சம் வைத்து முதல் வெட்டு, அப்புறம் தளர்த்தி, லேசாகப் பிடித்துக் கடைசி வெட்டு. சர்ஃபேஸ் பிளேட் என்ற துல்லியமான சமதளத்தில் வைத்தபோது 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) எங்கும் நுழையவில்லை. பிளேட்டைப் பொருத்தி, நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். சரி, ஐடில் நிலைத்துவிட்டது.