காய்ச்சல், பேதி, வயிற்றுவலி, அழுகை: பதற்றத்தில் பெற்றோர் செய்யும் தவறுகள்

குழந்தைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் பெரியவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. காய்ச்சல் உடனே இறங்கவேண்டும், பேதி உடனே நிற்கவேண்டும், அழுகை உடனே ஓயவேண்டும் என்று மனம் துடிக்கும். தவறுகள் பெரும்பாலும் அக்கறைக் குறைவால் நேர்வதில்லை. இந்தப் பதற்றத்தில்தான் நேர்கின்றன.

காய்ச்சலில் முதல் தவறு, தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பது. கிருமியை எதிர்க்க உடல் தானாக ஏற்றிக்கொள்ளும் சூடுதான் காய்ச்சல். 102 டிகிரியிலும் தண்ணீர் குடித்து, பொம்மையைத் தேடும் குழந்தையைவிட, 100 டிகிரியிலேயே துவண்டு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத குழந்தைதான் அதிகக் கவலைக்குரியது. அசந்து தூங்கும் குழந்தையைச் சூட்டைக் குறைப்பதற்காக மட்டும் எழுப்பி மருந்து கொடுக்கத் தேவையில்லை. ஐஸ் தண்ணீரில் துடைத்தால் நடுக்கம்தான் வரும். ஆனால் 3 மாதத்துக்கு உட்பட்ட பச்சிளங் குழந்தைக்கு 100.4 டிகிரியைத் தொட்டுவிட்டால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

பாராசிட்டமாலின் அளவை வயதைவிட எடைதான் சரியாகச் சொல்லும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அதாவது 10 கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். அடுத்த வேளைக்கு 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 வேளையைத் தாண்ட வேண்டாம். சொட்டு மருந்து சிரப்பைவிடப் பல மடங்கு அடர்த்தியாக இருக்கலாம். சிரப்புக்குச் சொன்ன அதே மில்லிலிட்டர் அளவுக்குச் சொட்டு மருந்தை ஊற்றிக் கொடுத்தால் அளவு ஆபத்தாக எகிறிவிடும். சமையலறை ஸ்பூனும் வேண்டாம். சளி சிரப்புகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால் லேபிளைப் படித்துவிட்டே கொடுங்கள். ஆஸ்பிரின், மருத்துவர் சொல்லாமல் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரேய்ஸ் சிண்ட்ரோம் வரக்கூடும்.

6 மாதம் முதல் 5 வயது வரை சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். பார்ப்பவர் உயிரே போய்விடும்போல இருக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். வாயில் ஸ்பூனோ விரலோ வைக்காதீர்கள், கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். முதல்முறை வந்த வலிப்பு என்றால், நின்ற பிறகும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

பேதியில் உயிருக்கு ஆபத்து, உடம்பிலிருந்து போகும் நீராலும் உப்பாலும்தான். பெரியவர்கள் போடும் பேதி மாத்திரையைக் கொடுப்பதும், ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஓஆர்எஸ் (உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி) பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பதும் நிலைமையை மோசமாக்கும். தாய்ப்பாலையும் வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, அழுதால் கண்ணீர் வராவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ தாமதிக்காதீர்கள்.

பள்ளிக்கூடம் போகும் காலையில் மட்டும் வரும் வயிற்றுவலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். “நடிக்காதே” என்பதுதான் பல வீடுகளில் முதலில் வரும் பதில். குடலும் மூளையும் நரம்புகளால் பிணைந்தவை. பயம் குடலின் அசைவையே மாற்றும். அந்த வலி நிஜமான வலி. நடிப்பு என்று சொல்லிவிட்டால், பிள்ளை அடுத்த முறை வேறு எதையும் நம்மிடம் சொல்லாது. இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: வலிக்கிறது என்றதும் லீவு, கையில் போன், ஸ்கேன்மேல் ஸ்கேன். தவிர்க்கத் தவிர்க்க பயம் வளரும். முதலில் மருத்துவரிடம் ஒருமுறை நன்றாகக் காட்டுங்கள். மலச்சிக்கலே காரணமாக இருப்பதும் சகஜம். எடை குறைவது, வலியால் இரவில் விழிப்பது, வலது அடிவயிற்றில் நிற்காத வலி ஆகியவை உடல் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால், “வலிக்குதுன்னு எனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துல எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்கு?” என்று கேட்கலாம். எதிரே உட்காரவைத்து விசாரிப்பதைவிட, சேர்ந்து நடக்கும்போது கேட்டால் பதில் வரும். யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா என்று ஆசிரியரிடமும் விசாரியுங்கள். அதைச் சரிசெய்துகொண்டே, அரை நாளாவது பள்ளிக்கு அனுப்புங்கள்.

படுக்கையில் சிறுநீர் போவதற்குத் திட்டுவதும், விருந்தினர் முன்னால் சொல்லிச் சிரிப்பதும் கொடுமை. 5 வயதில் ஏறக்குறைய 7 பேரில் ஒருவருக்கு இது இருக்கும். பெற்றோர் வழியாகவும் வரும். 6 மாதமாக நின்றிருந்து திடீரெனத் திரும்பினால் மட்டும் சிறுநீர்த் தொற்று, சர்க்கரை நோய், மன வருத்தம் ஆகியவற்றில் எது காரணம் என்று பார்க்கவேண்டும்.

வளர்ந்த பிள்ளைகளின் மனச்சோர்வு சோகமாகவே தெரியவேண்டும் என்பதில்லை; எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படும். தூக்கம், பசி, நட்பு எல்லாம் 2 வாரத்துக்கு மேல் மாறிக்கிடந்தால் “வயசுக் கோளாறு” என்று தள்ளிவிடாதீர்கள். சாவைப் பற்றிக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலரும் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. பிள்ளைக்கு மனம் திறக்க ஒரு வழி கிடைக்கிறது. “செத்துப்போலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேளுங்கள். ஆமாம் என்றால் அதட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியாக விடாமல், மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை எட்டாத இடத்தில் பூட்டிவைத்துவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.