ரவுட்டரில் இணையப் போன்: ஒருபக்கக் குரலும் அடிக்காத மணியும் சரியானது எப்படி

மணி அடிக்கிறது, எடுத்தால் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் குரல் மட்டும் நமக்கு வரவில்லை. பெரும்பாலும் காரணம், இணைய அழைப்புகளை ஏற்படுத்தும் 'சிப்' செய்திகளில் ரவுட்டர் கைவைக்கும் 'சிப் ஏஎல்ஜி' என்ற வசதி. அழைப்புச் செய்தியில் இருக்கும் உள் ஐபி முகவரியை வெளி முகவரியாக மாற்றித் தருவதுதான் அதன் வேலை. பல ரவுட்டர்கள் இதை அரைகுறையாகச் செய்வதால் குரல் பாக்கெட்டுகள் வழிதவறிப் போகின்றன. முதலில் அதை அணைத்து ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்தேன். போனை இணையத்தோடு இணைக்கும் அடாப்டரில், நம் வெளி முகவரியைக் கண்டறிந்து சொல்லும் 'ஸ்டன்' சர்வரையும் கொடுத்ததும் இருபக்கமும் குரல் வந்தது.

அடுத்தது, சில நிமிடம் கழித்து வரும் அழைப்புக்கு மணியே அடிக்காது. அழைப்புச் செய்திகள் பெரும்பாலும் போய்வரும் யூடிபி என்ற வழியில் போக்குவரத்து இல்லாவிட்டால், அந்த இணைப்பைப் பல ரவுட்டர்கள் 30 முதல் 180 விநாடிக்குள் மறந்துவிடும். போன் தன்னைச் சேவை நிறுவனத்தின் சர்வரில் புதுப்பித்துப் பதியும் இடைவெளி (பதிவுக் காலம்) 3600 விநாடி என்றிருந்தால் இடையில் வழி அடைபட்டே கிடக்கும். இணைப்பை உயிரோடு வைக்கச் சிறு செய்தி அனுப்பும் கீப்-அலைவை 20 விநாடிக்கு ஒருமுறை என வைத்ததும் தீர்ந்தது. சிப் செய்திகள் வழக்கமாக வந்துபோகும் 5060 போர்ட்டை வெளியுலகுக்குத் திறக்க யாராவது சொன்னால், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பாஸ்வேர்டைத் துழாவும் நிரல்கள் நேராக அங்கேதான் வரும்.

குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 கோடெக்குக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 90 கேபிபிஎஸ் போதும். அப்லோடு நிரம்பிக் குரல் வெட்டினால், ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை தரும் கியூஓஎஸ் அமைப்பில் அப்லோடு வரம்பை உண்மை வேகத்தின் 90 சதவீதமாக வையுங்கள்.